சுவரில் தீட்டிய வடிவியல் ஓவியம் ஏன் வீட்டோடு ஒட்டவில்லை?

கேள்வி

வணக்கம். எங்கள் கூடத்தின் நீண்ட சுவரில், டச்சு ஓவியர் பீட் மொந்திரியானின் ஓவியங்களை மனத்தில் வைத்து, கறுப்புக் கோடுகளால் பிரித்த கட்டங்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் தீட்டினேன். மாஸ்கிங் டேப் ஒட்டி, விளிம்பு பிசிறாமல் இருக்க இரண்டு நாள் பொறுமையாகச் செய்த வேலை அது. கோடுகள் நேராகத்தான் வந்திருக்கின்றன. ஆனாலும் ஓவியம் சுவரோடு சேராமல், பெரிய சுவரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டியதைப் போல நிற்கிறது. மாலையில் விளக்கைப் போட்டால் நீலம் கறுப்போடு கலந்துவிடுகிறது. சிவப்பு மட்டும் கண்ணை உறுத்துகிறது. 1920களின் நவீனத்துவ வீடுகளில் இதே நிறங்கள் எப்படி அவ்வளவு அமைதியாக இருக்கின்றன? நான் எங்கே தவறினேன்?

முதல் பதில்

உங்கள் கைவேலையில் குறை இல்லை. இடத்தைப் பார்த்த விதத்தில்தான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. மொந்திரியானின் கட்டங்கள் கித்தானின் நான்கு விளிம்புகளை ஒட்டி அளவு கண்டவை. சுவருக்கோ கதவு, சன்னல், உத்தரம், தரை என்று வேறு அளவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது உங்கள் கோடுகள் தொடுகின்றனவா?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்மணிக்காக, அவரோடு கலந்து பேசி, கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய வீட்டின் படங்களை நிதானமாகப் பாருங்கள். மொந்திரியானும் பங்குகொண்ட டி ஸ்டைல் என்ற டச்சுக் கலை இயக்கத்தின் வீடு என்றதும் நிறங்களை வாரி இறைத்திருப்பார்கள் என்று எண்ணுவோம். ஆனால் வெளிப்புறத்தில் பெரிய பரப்புகள் எல்லாம் வெள்ளையும் பல படிச் சாம்பலும்தான். சிவப்பும் நீலமும் மஞ்சளும் தூண், கம்பி போன்ற மெல்லிய உறுப்புகளில் வருகின்றன. மாடியில் நகரும் தடுப்புகளைத் தள்ளிவிட்டால் அறைகள் கரைந்து ஒரே கூடமாகிவிடும். தரையில் பிரித்த நிறப்பரப்புகள் அப்போதும் இடத்தைப் பகுத்துக் காட்டுகின்றன. அங்கே நிறம் அலங்காரமாக மேலே ஏறி உட்காரவில்லை, ஒரு பலகை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது.

ரீட்வெல்டின் சிவப்பு நீல நாற்காலியும் அப்படித்தான். முதலில் நிறமில்லாமல் செய்யப்பட்ட அந்த நாற்காலிக்கு, 1923ஐ ஒட்டித்தான் இன்று நாம் அறிந்த நிறங்கள் வந்தன. சாய்மானம் சிவப்பு, இருக்கை நீலம், சட்டங்கள் கறுப்பு. அந்தச் சட்டங்களை அறுத்த முனைகளில் மட்டும், விரல் நகம் அளவே தெரியும் சிறு சதுரங்களாக, மஞ்சள் பூசியிருப்பார். அந்த மஞ்சள் இல்லையென்றால் சட்டங்கள் இருட்டில் முடிந்துபோகும். அது இருப்பதால் ஒவ்வொன்றும் தன்னைக் கடந்து நீள்வதைப் போலத் தெரிகிறது. நிறத்தின் அளவு அல்ல, அது விழும் இடம்தான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இரண்டாம் பதில்

மேலே எழுதிய நண்பரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நிறம் எப்போதும் கட்டடத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஓபெட் கட்டடத்தில் 1928இல் திறக்கப்பட்ட, திரைப்படமும் நடனமும் நடக்கும் மண்டபத்தில், டி ஸ்டைல் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தெயோ வான் டூஸ்பர்க் நிறக்கட்டங்களை 45 பாகை சாய்த்து, சுவரின் செங்குத்துக்கு எதிராகவே நிறுத்தினார். சாய்கோட்டை மொந்திரியான் ஏற்கவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. வான் டூஸ்பர்க் கட்டடத்தை எதிர்த்தார். ஆனாலும் சுவரின் நடுவில் நின்றுவிடாமல் கூரை வரை போனார். உங்கள் ஓவியம் சுவரின் நடுவே நான்கு பக்கமும் வெள்ளை விட்டு நின்றால், அந்த வெள்ளையே சட்டமாகிவிடும்; பார்ப்பவர் கண்ணுக்கு அது மாட்டிய படம்தான்.

மூன்றாம் பதில்

நீலம் மங்குவதற்குக் காரணம் விளக்கு. மஞ்சள் சாயலுள்ள ஒளியில் நீலக் கதிர்கள் குறைவு என்பதால் நீலம் கறுக்கும், சிவப்பு எழும்பும். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரே சாம்பல் இரண்டு பின்னணிகளில் இரண்டு நிறமாகத் தெரிவதை ஓவிய ஆசிரியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் தம் மாணவர்களை வண்ணத்தாள் வெட்டச் சொல்லியே காட்டினார். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1931இல் ஒரு சுவர்த்தாள் நிறுவனத்துக்காகத் தொகுத்த 43 நிறங்களிலும் தணிந்த சாயல்கள் நிறைய உண்டு. டப்பாவில் வரும் கடுஞ்சிவப்பை அப்படியே பூசாமல், சிறிது சாம்பல் கலந்து ஓர் அட்டையில் தீட்டி, அதைச் சுவரில் மாட்டிக் காலையும் மாலையும் பாருங்கள். மொந்திரியானே தம் பணிக்கூடத்துச் சுவர்களில் வண்ண அட்டைகளைப் பொருத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தவர்தான்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று அட்டைகளை வெட்டி மாட்டிப் பார்த்தேன். நடுச்சுவரில் இருந்த நீலத்தைச் சன்னலை ஒட்டிய ஒடுங்கிய பட்டைக்கு மாற்றியதும், மாலையிலும் அது நீலமாகவே தெரிந்தது. சிவப்பை உத்தரத்தின் அடிப்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். கறுப்புக் கோடுகளை எடுத்துவிட்டு, மீதிச் சுவருக்கு இரண்டு சாம்பல்களைக் கலந்து வைத்திருக்கிறேன். எது பொருந்தும் என்று இந்த வாரம் முழுவதும் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுப்பேன்.