கூடங்குளம் வேற, யுரேனியம் செறிவூட்டுறது வேற

பல்லடம் தறிக்காரர்:
அணு உலை இருந்தா அடுத்தது குண்டுதான்னு லேத்துத் தம்பி நேத்து எழுதியிருந்தாப்ல. 2012-ல கரண்ட் இல்லாம பாவு பாதியில நிக்க, கூலி எப்படிக் குடுக்கறதுன்னு உக்காந்திருந்தவன் நான். கூடங்குளத்துல ஓடுறது ரெண்டு உலை, தலா 1000 மெகாவாட். எரிபொருள் ரஷ்யாவுது, கண்காணிப்பு சர்வதேச அணுசக்தி முகமையோடது. இதுல குண்டு எங்கிருந்து வரும்?

கணபதி லேத்:
அண்ணா, நான் பயப்படறது உலைக்கு இல்லீங்க, எரிபொருள் செறிவூட்டுற எடத்துக்கு. இயற்கை யுரேனியத்துல ஆயிரம் அணு எடுத்தா, வேணுங்கிற 235 வகை ஏழுதான். செறிவூட்டுறதுன்னா, அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி மத்த அணுவைக் கழிச்சு அந்த வகையோட பங்கைக் கூட்டுறது. கூடங்குளம் மாதிரி உலைக்கு 4 சதவீதம் போதும். அதுக்கே எண்ணூத்திச் சொச்சம் அணுவைக் கழிச்சாகணும். அங்கிருந்து குண்டுக்கான 90 சதவீதத்துக்குப் போக, இன்னும் நூத்தி அறுபத்திச் சொச்சம் கழிச்சாப் போதும். கல்லு பொறுக்குற வேலையில பெரும்பங்கு உலைக்குன்னு சொல்லியே முடிஞ்சுருது. ஈரான்ல புஷேர் உலைக்கு ரஷ்யாதான் எரிபொருள் தருது. சண்டை வந்தது நதான்ஸ் மாதிரி செறிவூட்டும் ஆலைகளாலதான். அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளோட போட்ட 2015 ஒப்பந்தத்துல 3.67 சதவீதத்துக்கு மேல செறிவூட்ட மாட்டோம்னு ஒத்துக்கிட்டவங்க, 2021-ல 60-க்குப் போயிட்டாங்க.

ஆழியாறு கடைமடை:
அமெரிக்கா 2018-லயே அந்த ஒப்பந்தத்தை விட்டு வெளிய போனதையும் சேர்த்துச் சொல்லுங்க தம்பி. அடுத்தவன் மடையை நம்பி வெள்ளாமை வெச்சாக் கதி என்னன்னு எங்களுக்குத் தெரியும். தாராப்பூர் உலையைக் கட்டிக் குடுத்ததே அமெரிக்காதான். 1974-ல நாம பொக்ரான்ல குண்டு சோதிச்சதுக்கப்புறம் சட்டத்தை மாத்தி, எரிபொருளை நிறுத்தினதும் அவங்கதான். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அஞ்சு நாட்டுக்கு மட்டும் குண்டை விட்டுவெச்சுது. மத்தவங்க எரிபொருளுக்குக் கூட கையேந்தி நிக்கணுமாக்கும்?

கணபதி லேத்:
அந்த அநியாயத்தை நான் மறுக்கலைங்க மாமா. ஆனா 1974 சோதனைக்கான புளூட்டோனியம், அதாவது உலையில உண்டாகுற இன்னொரு குண்டுப் பொருள், வந்த சைரஸ் உலை, அமைதிக்குன்னு சொல்லிக் கனடா கிட்ட வாங்கினது. நாமளே சாட்சியா நிக்கறோமே. மடையைப் பொதுவுல வெச்சா என்ன? கஜகஸ்தான்ல 2019-ல இருந்து முகமையோட எரிபொருள் வங்கி இருக்குது, வேற வழியில எரிபொருள் கெடைக்காத நாட்டுக்குக் குடுக்கறதுக்குன்னு.

பல்லடம் தறிக்காரர்:
சரி, இதெல்லாம் டில்லியும் வாஷிங்டனும் பேசற சமாச்சாரம். நமக்கென்ன தம்பி?

கணபதி லேத்:
நமக்குத்தாங்ண்ணா. 2003-ல லிபியாவுக்குப் போன கப்பலை இத்தாலிக்குத் திருப்பிப் பெட்டிகளை எறக்குனாங்க. உள்ள இருந்தது செறிவூட்டுற சுழலிக்கான பாகங்க. கடைஞ்சது மலேசியாவுல நம்மளாட்டம் ஒரு பட்டறை. எண்ணெய், எரிவாயு வேலைக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சோம்னாங்க. போன வருசம் எனக்கும் ஒரு வரைபடம் வந்துச்சு. மெல்லிசான அலுமினியக் குழாய், மைக்ரான் கணக்குல துல்லியம், ரேட்டு ரெண்டு மடங்கு. எதுக்குன்னு ரெண்டு தடவை கேட்டேன், பதிலே இல்லை. அந்த மாசம் வட்டி கட்டவே பணம் இல்லீங்க. இருந்தும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிட்டேன்.

ஆழியாறு கடைமடை:
நீ செஞ்சது சரி சாமி. ஆனா அந்த வங்கியில இருக்கறது 90 டன், ஒரு பெரிய உலைக்கு ஒரு தடவை நெரப்பத்தான் காணும். உலகம் பூரா இருக்கற உலைக்கு அது எந்த மூலைக்கு? அதைச் சொல்லு, அப்பறம் நான் ஒத்துக்கறேன்.