ஸ்டியரிங் பூட்டிக்கிச்சு, சாவியும் திரும்ப மாட்டேங்குது

கேள்வி:
வணக்கம் மக்களே, காலைல இருந்து காரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். நேத்து ராத்திரி இறக்கத்துல நிறுத்தினேன், வண்டி உருண்டுடக்கூடாதேன்னு முன்சக்கரத்த ஓரக்கல்லு பக்கமா நல்லா ஒடிச்சு சாய்ச்சு விட்டுட்டு சாவிய உருவிட்டு போயிட்டேன். இப்ப சாவி முழுசா உள்ள போகுது ஆனா ஒரு நூல் கூட திரும்பல, ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி நிக்குது. முறுக்கி முறுக்கி கட்டைவிரல்ல சாவித்தடம் பதிஞ்சதுதான் மிச்சம். மேனுவல் கியர், பேட்டரி நல்லாருக்கு, ஹாரன் அடிக்குது. லாக் செட்டையே மாத்தணுமா?

பதில் 1:
மொதல்ல முறுக்குறத நிறுத்துங்க ப்ரோ, சாவி ஒடிஞ்சு பாதி உள்ள மாட்டிக்கிச்சுன்னா அப்பதான் நிஜமான செலவு. லாக் கெட்டுப்போன மாதிரி தெரியல. சாவிய எடுத்தப்புறம் ஸ்டியரிங் கொஞ்சம் அசைஞ்சா உள்ள ஒரு இரும்பு பின் ஸ்பிரிங் தள்ளி ஸ்டியரிங் தண்டுல இருக்கிற பள்ளத்துல போய் உக்காந்துக்கும், திருடன் ஓட்டிட்டு போகாம இருக்க வச்ச ஏற்பாடு அது. உங்க கேஸ்ல டயர் கல்லுல முட்டி நிக்கிறதால தண்டு ஒரே பக்கமா தள்ளிட்டே இருக்கு, பின் இறுகிப்போயிருக்கு, அத சாவியால மட்டும் இழுக்க முடியாது. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் அழுத்தி பாருங்க, ஒரு பக்கம் சுத்தமா முட்டும், இன்னொரு பக்கம் துளி இடம் கொடுக்கும். அந்த பக்கமா ஒரு கையால நல்லா அழுத்தி பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால சாவிய மெதுவா திருப்புங்க. ஸ்டியரிங்குக்கு பலம், சாவிக்கு பதம், மாத்தி செஞ்சுடாதீங்க.

பதில் 2:
மேல சொன்னதுதான் சரி. அதுக்கும் அசையலன்னா ஸ்பேர் சாவிய போட்டு பாருங்க, தினமும் போட்டு எடுக்கிற சாவி பல்லு தேஞ்சுடும், கண்ணுக்கு தெரியாது. லாக் ஓட்டைல மிஷின் ஆயில் மட்டும் விட்டுடாதீங்க, நான் விட்டேன், ரெண்டு மாசம் ஜோரா இருந்துச்சு, அப்புறம் தூசியெல்லாம் ஒட்டி களிம்பாயிடுச்சு. கிராபைட் பொடி நல்லது, இல்லன்னா பென்சில் முனைய சாவிப் பல்லுல நல்லா தேய்ச்சு போட்டு எடுங்க.

பதில் 3:
இத தேடி வர்றவங்களுக்காக சொல்றேன், ஆட்டோமேட்டிக் கார்ல சாவி *வெளிய வரல*ன்னா அது வேற கதை, கியர் பி-ல (பார்க், அதாவது வண்டிய நிறுத்தி வைக்கிற நிலை) சரியா விழாம இருக்கும். பிரேக்க மிதிச்சு கியர ஒரு தடவ வெளிய எடுத்து திரும்ப பி-ல போட்டு பாருங்க. சில வண்டில பேட்டரி செத்தாலும் சாவிய விடாது. அப்புறம் இன்னொன்னு, பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல ஓட்டத்துலயே சாவிய ஆஃப் பண்ணி எடுக்கிற ஆளுங்க இருக்காங்க, இதே பின் அப்ப விழுந்தா வண்டி வளைவுல திரும்பாது சாமி.

கேள்வி கேட்டவர்:
திறந்துடுச்சு! இடது பக்கம்தான் துளி அசைஞ்சது, முழங்கைய வச்சு அழுத்திக்கிட்டே சாவிய தொட்டேன், டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பதில் 2 அண்ணே, ஸ்பேர் சாவியையும் பக்கத்துல வச்சு பார்த்தேன், என்னோடதுல பல்லு நிஜமாவே வழவழன்னு இருக்கு. நாளைக்கே ஸ்பேர பார்த்து ஒன்னு வெட்டிடறேன்.

பதில் 2:
ஆமா, தேஞ்சத கொடுத்து வெட்டினா தேஞ்ச சாவியேதான் வரும்.