சூசையப்பர் ஏன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்?

பூனைவீடு:
டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654இல் செய்த எட்சிங் (செப்புத் தகட்டில் கீறி அச்சடிக்கும் படம்) ஒன்றை பிரிண்ட் எடுத்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மாதா தரையோடு தரையாக உட்கார்ந்து குழந்தையை அணைத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு பூனை. சத்தியமாக பூனைக்காகத்தான் பிடித்தது. நேற்று அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏண்டி, காலடியில பாம்பு கிடக்கே!" என்றார். ஆமாம், கிடக்கிறது! மாதாவின் கணவர் சூசையப்பரோ ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார். வீட்டுக்காரரை ஏன் வெளியே நிறுத்தினார்கள்?

பழைய_பாடகர்குழு:
பாம்பு சுலபம். மாதா கோயிலில் அமலோற்பவ மாதா சொரூபத்தின் பாதத்தைப் பாருங்கள், அதே பாம்புதான். பைபிளின் முதல் புத்தகமான தொடக்க நூல் 3:15, பெண்ணின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் என்ற வசனம். ஏவாளை ஏமாற்றியதை மரியாள் மிதிக்கிறார்.

மைக்கறை:
செப்புத் தகட்டோடு நாலு வருஷம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் பாம்பை விடுங்கள். மாதாவின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பாருங்கள். அதில் வட்டமாக ஒரு வடிவம் இருக்கிறதே, அதுதான் ஒளிவட்டம். தனியாக வரையாமல் ஜன்னல் கண்ணாடியையே ஒளிவட்டமாக்கிவிட்டார் மனிதர். அசல் ஏறக்குறைய 9.5 செ.மீ. உயரம், 14.5 செ.மீ. அகலம், நம் தபால் அட்டை அளவுதான். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, அவ்வளவு சின்ன இடத்தில் இதைச் செய்வது விளையாட்டில்லை.

மாதா குழந்தையை அணைத்திருக்கும் விதம் இத்தாலிய ஓவியர் மான்டெக்னாவின் பழைய செதுக்கோவியத்திலிருந்து எடுத்தது. 1656இல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கி வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டபோது, மான்டெக்னா படத் தொகுப்பு ஒன்றும் அதில் இருந்தது.

சூசையப்பர் விஷயம் என் யூகம்தான்: அவர் வளர்ப்புத் தந்தை. அந்த அணைப்புக்குள் அவருக்கு இடமில்லை. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

பூனைவீடு:
ஐயோ, ஒளிவட்டம்! மூன்று மாசமாக அதன் கீழேதான் தோசை சுடுகிறேன். சரி, பூனை? அதற்கும் அர்த்தம் உண்டா?

மைக்கறை:
பூனையும் தீமையின் சின்னம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. அது மாதாவின் உடை விளிம்பைப் பிறாண்டுகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சின்னமாக்கினால் வீடு எங்கே இருக்கும்?

ஆனால் சாதாரணப் பொருளே சின்னமாகிற இடமும் உண்டு. ஜாக் கல்லோ என்ற பிரெஞ்சுக்காரரின் வட்டமான படம் ஒன்று: திருக்குடும்பம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, சூசையப்பர் பிள்ளைக்குக் கிண்ணத்தைப் பிடித்துக் குடிக்கக் கொடுக்கிறார். பார்க்க யார் வீட்டிலும் நடப்பதுதான். ஓரத்தில் ஓடும் லத்தீன் வரியின் சாரம்: குடி கண்ணே, உனக்கு இன்னொரு கிண்ணம் காத்திருக்கிறது. சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவில் கெத்சமனி தோட்டத்தில் இயேசு "இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்று வேண்டுவாரே, அந்தக் கிண்ணம்.

பூனைவீடு:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சின்னப் பிள்ளைக்கிட்ட போய் அதைச் சொல்வாங்களா" என்று கோபித்துக்கொண்டார். பூனை படமே இருக்கட்டும்.