மறு: 'வெப்ஹூக்' – வலைக்கொக்கியா, சேதிமுகவரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அதிகம் நிரல் எழுதாமல் பெட்டிகளை இணைத்தே வேலையை முடிக்கும் 'லோ-கோட்' கருவி ஒன்றின் திரைச் சொற்களையும் வழிகாட்டியையும் தமிழாக்கும் நம் இழை நீண்டுவிட்டதால், 'லோ-கோட்' என்ற பெயருக்கான பஞ்சாயத்தை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். 'குறைநிரல்' என்றால் குறையுள்ள நிரல் என்று தொனிக்கிறதே என்று இழையில் ஓர் ஐயா கேட்டிருந்தார். குறைகடத்தியை யாரும் பழுதான கடத்தி என்று படிப்பதில்லை. 2014இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் சூட்டிய அந்த ஆங்கிலப் பெயரும் ஒன்றும் கவிதை அல்ல. குறைநிரல் இருந்துவிட்டுப் போகட்டும். பணிப்பாய்வு (வொர்க்ஃப்ளோ), தரவுத்தளம் (டேட்டாபேஸ்), கோப்புறை (ஃபோல்டர்) மூன்றிலும் யாருக்கும் சண்டையில்லை. 'கிளவுட்' என்பதை மேகம் என்பவர் மேகம் என்றும் முகில் என்பவர் முகில் என்றும் எழுதட்டும், இரண்டும் புரிகிறது.

நாம் மாட்டிக்கொண்டிருப்பது வழிகாட்டியின் முதல் பயிற்சியில்தான். மேகச் சேமிப்பில் உள்ள கோப்புறையில் ஒரு விண்ணப்பப் படிவம் பிடிஎஃப்பாக வந்து விழுகிறது. உடனே தரவுத்தள அட்டவணையில் ஒரு வரிசை ஏற வேண்டும். கோப்பு வந்தது பணிப்பாய்வுக்கு எப்படித் தெரியும்? இரண்டே வழி. பணிப்பாய்வு அவ்வப்போது போய் 'புதிதாக ஏதாவது உண்டா' என்று கேட்கலாம், அல்லது சேமிப்பகமே ஆள் அனுப்பிச் சொல்லலாம். முன்னது போலிங், பின்னது வெப்ஹூக். யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. நாம் வைக்கும் பெயரில் அது தெரியாவிட்டால் படிப்பவர் தவறான பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'வரிசை ஏறவே மாட்டேன் என்கிறது' என்று வந்து நிற்பார்.

> போலிங் = வாக்கெடுப்பு. அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

இருக்கும். தேர்தல் நடக்கும் இடத்துக்கு அது சரி. '15 நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடத்தப்படும்' என்று திரையில் எழுதிவைத்தால் பயனர் யாருக்கு வாக்களிப்பது? 'வினவல்' என்று வைக்கலாம்தான். ஆனால் இதே பணிப்பாய்வில் தரவுத்தளத்துக்கு வினவல் எழுதும் படி ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளில் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் கதை கந்தல். 'விசாரணை' காவல் நிலைய வாடை அடிக்கிறது. 'எட்டிப்பார்ப்பு' என்று தோழி ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் யோசித்தால் பொருள் துல்லியமாக இருக்கிறது. உதவிக் குறிப்பில் 'கோப்புறையை அவ்வப்போது எட்டிப்பார்க்கும்' என்றே எழுதிவிடலாம். அமைப்புப் பக்கத்தின் தலைப்புக்கு 'உசாவல்' என்று வைப்போம். பழைய சொல் என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. வேறு வேலையில் மாட்டாமல் சும்மா இருக்கும் சொல் கிடைப்பதே அரிது. 'உசாவல் இடைவெளி: 15 நிமிடம்' என்று எழுதிப் பாருங்கள், நிற்கிறது.

அந்த 15 நான் பிடித்த எண் அல்ல. ஜேப்பியர் என்ற பணிப்பாய்வுக் கருவியின் இலவசத் திட்டத்தில் உசாவல் இடைவெளி அதுதான். 10:00 மணிக்கு உசாவிய பாய்வு அடுத்து 10:15க்குத்தான் உசாவும். படிவம் 10:02க்கு வந்தாலும் வரிசை 10:15க்குத்தான் ஏறும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 10:02க்கு ஒருவர் படிவத்தை ஏற்றி, 10:09க்கு அதே கோப்பைத் திருத்திய பிரதியால் மாற்றிவிட்டால், 10:15க்கு உசாவும் பாய்வுக்கு இரண்டாவது பிரதி மட்டுமே தெரியும். இடையில் நடந்ததற்குச் சாட்சி இல்லை. உசாவல் அப்போதைய நிலையைத்தான் பார்க்கிறது, நடந்தவற்றைப் பார்ப்பதில்லை. பயிற்சியில் இந்த ஒரு பத்தியை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி வெப்ஹூக்.

> வலைக்கொக்கி என்பதே நேர்ப் பெயர்ப்பு. ஈழத்தில் 'கொளுவி' என்போம், அதையும் பரிசீலிக்கலாம்.

'கொளுவு' நல்ல வினைச்சொல். சட்டையை ஆணியில் கொளுவுவது எல்லாருக்கும் தெரியும். (ஈழத்துப் பேச்சில் 'கொளுவல்' என்றால் சண்டை என்பதையும் நினைவூட்டிவிடுகிறேன், நம் இழைக்கு அது வெகு பொருத்தம்.) நிரலில் 'ஹூக்' என்பது நம் சொந்த நிரல்துண்டை மாட்டிவைக்க விட்டுவைத்த இடம். நிரலருக்கு அந்த உருவகம் ஓடும். ஆனால் நம் வழிகாட்டி நிரலருக்கு எழுதப்படவில்லை. குறைநிரல் கருவியை எடுப்பவர் கையில் கொக்கியும் இல்லை, கொளுவியும் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு நீண்ட இணைய முகவரி. அதை இங்கே நகலெடுத்து, சேமிப்பகத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒட்டுகிறார், அவ்வளவுதான். 'ஏதாவது நடந்தால் இந்த முகவரிக்குச் சேதி அனுப்பு' என்பதே அதன் பொருள். அதனால்தான் 'சேதிமுகவரி' என்கிறேன்.

'வலைத்தூண்டில்' என்ற முன்மொழிவும் வந்தது. போலி இணைப்பு அனுப்பிக் கடவுச்சொல்லைப் பிடுங்கும் ஃபிஷிங் மோசடிக்குத் தூண்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'உங்கள் தூண்டிலை இங்கே ஒட்டுங்கள்' என்று எழுதினால் பயனர் உலாவியை மூடிவிட்டு ஓடிவிடுவார்.

> கோப்பு வந்ததை அறிவிப்பதுதானே வேலை? 'கோப்பறிவிப்பு' என்றால் போதாதா?

போதாது. மேகச் சேமிப்பகமான டிராப்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரியைப் பதியும்போது அது முதலில் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) அங்கே அனுப்பிப் பார்க்கும். அதே சரத்தைத் திருப்பி அனுப்பினால்தான் பதிவு ஏற்கப்படும். அதன் பிறகு கோப்புறையில் எது மாறினாலும் சேதி வரும், ஆனால் அதில் கோப்பின் பெயர்கூட இருக்காது. 'இந்தக் கணக்கில் ஏதோ மாறியிருக்கிறது' என்பதோடு முடிந்தது. 10 நொடிக்குள் 'கிடைத்தது' என்று பதில் சொல்லிவிட்டு, என்ன மாறியது என்று நாம்தான் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். அதாவது சேதி வந்த பிறகும் ஓர் உசாவல் உண்டு. இன்னொரு சேமிப்பகமான அமேசான் எஸ்3 கொஞ்சம் தாராளம், பக்கெட்டின் (அங்கே கோப்புகளைப் போட்டுவைக்கும் கொள்கலனின்) பெயரும் கோப்பின் பெயரும் சேதியிலேயே வந்துவிடும். உள்ளடக்கம் அதிலும் வராது. ஆகவே வருவது கோப்பு அல்ல, கோப்பைப் பற்றிய முழுத் தகவலும் அல்ல, வெறும் சேதி. 'சேதி வந்ததும் உசாவு' என்று இரண்டு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுத முடிகிறது. இந்த இணையை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம்.

சேதி என்ற சொல் இன்னொரு இடத்திலும் கைகொடுக்கிறது. எஸ்3 தரும் உறுதி 'குறைந்தது ஒரு முறை' சேதி வரும் என்பதுதான், ஒரே முறை வரும் என்பது அல்ல. இரண்டாவது சேதியையும் நம்பினால் அட்டவணையில் ஒரே படிவத்துக்கு இரண்டு வரிசை. ஆகவே கோப்பின் அடையாளக் குறியை அட்டவணையில் தனித்துவப் புலமாக (ஒரே மதிப்பு இருமுறை ஏறாத புலமாக) வைத்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.5 பதிப்பு முதல் கிடைக்கும், ஏற்கெனவே உள்ள குறி மறுபடி வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' கட்டளையைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். கூகுள் டிரைவில் கோப்பின் பெயரை மாற்றினாலும் அடையாளக் குறி மாறாது, எனவே பெயரைத் திறவுகோலாக (வரிசையை அடையாளம் காட்டும் புலமாக) வைக்காதீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லலாம். 'ஒரே சேதி இருமுறை வரலாம்' என்றால் யாருக்கும் விளங்கும். 'ஒரே கொக்கி இருமுறை வரலாம்' என்று எழுதிப் பாருங்கள்.

> வெப்ஹூக் என்பது முறையின் பெயர், வெறும் முகவரியின் பெயர் அல்ல.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியின் சரங்களை (திரையில் வரும் தொடர்களை) புரட்டிப் பார்த்தால், அந்தச் சொல் முகவரியைக் குறித்தோ, பதிவதைக் குறித்தோ, வந்து சேர்ந்ததைக் குறித்தோதான் வருகிறது. 'சேதிமுகவரி', 'சேதிக்குப் பதி', 'சேதி வந்தது' என்று மூன்றும் முடிந்துவிடும். முறையை மொத்தமாகச் சொல்ல வேண்டிய ஓரிரு இடத்தில் 'சேதிவழி' என்று போட்டுக்கொள்ளலாம். என்8என் போன்ற கருவிகளில் சோதனைக்கு ஒரு முகவரியும் நிஜப் பயன்பாட்டுக்கு வேறொரு முகவரியும் தரப்படும். சோதனை முகவரி நாம் காத்திருக்கும்போது மட்டுமே சேதியை வாங்கும். புதியவர்கள் அதைப் போய்ச் சேமிப்பகத்தில் ஒட்டிவிட்டு விழிப்பது வழக்கம். 'சோதனைச் சேதிமுகவரி', 'நடப்புச் சேதிமுகவரி' என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டால் அந்தக் குழப்பம் குறையும்.

கடைசியாக, ஒன்று நடந்ததும் வேலையைக் கிளப்பிவிடும் 'ட்ரிகர்'. எல்லாரும் 'தூண்டி' என்று எழுதிவருகிறோம். ஆனால் தரவுத்தளத்துக்குள்ளும் ட்ரிகர் உண்டு. வரிசை ஏறியதும் அங்கே தானாக ஓடுவது அதுதான், அதையும் தூண்டி என்றே அழைக்கிறோம். பணிப்பாய்வின் தூண்டி வரிசையை ஏற்ற, அதைப் பார்த்துத் தரவுத்தளத்தின் தூண்டி எழுந்தது என்று எழுதினால் எது எது என்று எனக்கே தலைசுற்றும். பணிப்பாய்வில் அது முதல் பெட்டி, ஓட்டத்தைத் தொடக்கிவைப்பது. அங்கே 'தொடக்கி' என்று வைத்துக்கொண்டு, தூண்டியைத் தரவுத்தளத்துக்கே விட்டுவிடலாம். அப்போது இரண்டு வகைக்கும் 'உசாவு தொடக்கி', 'சேதித் தொடக்கி' என்று பெயர் கிடைக்கும். முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது. சரங்களில் 'உசாவுத் தொடக்கி' என்று நுழைந்திருப்பதை யாராவது திருத்திவிடுங்கள்.

தொடக்கிக்கு மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். உசாவலையும் சேதிமுகவரியையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் இன்றே ஏற்றிவிடுகிறேன். 'ஒரே செயலை எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றே' என்ற பண்புக்கு ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தவர் அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே நுழைத்தால் கொளுவல்தான்.