வீட்டில் செய்த மோட்டார்: கணக்கில் 11 ஆம்பியர், மீட்டரில் 2.2. எங்கே தப்பு?

சுருள்அப்பா:
வணக்கம். ஒரு செல், இரண்டு சேஃப்டி பின், கீழே காந்தம், மேலே கம்பிச் சுருள், எல்லாரும் செய்வார்களே, அந்த மோட்டாரை மகளுடைய பள்ளிச் செயல்திட்டத்துக்காகச் செய்தோம். நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் அவள் அதன் மின்தடை, மின்னோட்டம், காந்தப்புலம், திருப்புவிசை எல்லாவற்றையும் கணக்கிட்டு எழுத வேண்டுமாம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

0.5 மி.மீ. எனாமல் (மின்சாரம் கடத்தாத பூச்சு) செப்புக் கம்பி, 20 சுற்று, சுருளின் விட்டம் 25 மி.மீ., இருபக்கமும் 5 செ.மீ. வால். ஒரு வாலில் எனாமலை முழுக்கச் சுரண்டினோம், இன்னொன்றில் மேல்பாதி மட்டும். புது ஆல்கலைன் டபுள் ஏ செல், எதுவும் இணைக்காதபோது 1.55 வோல்ட். காந்தம் கருப்பு ஃபெரைட் வில்லை, 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன். சுருளின் அடிக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ.

மொத்தக் கம்பி 1.67 மீட்டர். செம்பின் மின்தடை எண் 1.68 × 10⁻⁸ என்று வைத்தால் 0.14 ஓம் வருகிறது, அப்படியானால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் ஓட வேண்டும். சுருளைக் கையால் நிறுத்திப் பிடித்து அளந்தால் 2.2 தான். சுற்ற விட்டால் அதுவும் 1.1 ஆகிவிடுகிறது (எண் குதித்துக்கொண்டே இருக்கிறது, நடுவில் எடுத்தேன்). காந்தப்புலத்துக்கு சாலினாய்டு சூத்திரத்தில் சுருளின் அகலம் 3 மி.மீ. என்று போட்டு 90 மில்லிடெஸ்லா வந்தது, அதிலிருந்து திருப்புவிசை 0.0095 நியூட்டன் மீட்டர். சரியா?

மின்னல்குட்டி:
பாதியாகக் குறைவது பேக் இ.எம்.எஃப். சார். மோட்டார் சுற்றினாலே எதிர் மின்னழுத்தம் உண்டாகும், ஓட்டம் குறையும். பாடத்திலேயே இருக்கிறது.

பழையபட்டறை:
பேக் இ.எம்.எஃப். பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த 11 ஆம்பியரைப் பார்ப்போம். உங்கள் 0.14 ஓம் சரிதான், தப்பு என்னவென்றால் மொத்த மின்சுற்றிலும் அது ஒன்றுதான் தடை என்று நினைத்தது. செல்லுக்குள்ளேயே உள்தடை இருக்கிறது, பின் இருக்கிறது, வால் பின்மேல் உரசும் இடம் இருக்கிறது, மீட்டரின் வயர்கூட இருக்கிறது. இவ்வளவு சின்னத் தடையில் இவை ஒவ்வொன்றும் சுருளோடு போட்டி போடும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துச் சுருளை அளக்காதீர்கள், அதன் வயர் தடையே உங்கள் சுருளைவிட அதிகமாக இருக்கும்.

இன்னொரு மீட்டர் கிடைத்தால் 2.2 ஆம்பியர் ஓடும்போதே வோல்ட் நிலையில் அளந்து பாருங்கள்: செல்லின் இரு முனைக்கிடையே, சுருளின் இரு வாலுக்கிடையே, ஒவ்வொரு பின்னுக்கும் அதன்மேல் இருக்கும் வாலுக்கும் இடையே. ஐந்து பத்து விநாடிக்குமேல் பிடிக்க வேண்டாம், செல் சூடாகும். "இன்னும் வேகமாகச் சுற்றட்டும்" என்று யாராவது லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த லித்தியம் செல்லைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 0.14 ஓம் என்பது அதற்குக் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட், தீப்பிடிக்கும்.

அரைவட்டம்:
காந்தப்புலம் பற்றி நான். இதில் இரண்டு தவறு ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது.

சாலினாய்டு சூத்திரம் விட்டத்தைவிட நீளம் பல மடங்கு இருக்கும் சுருளுக்கு. உங்களுடையது 25 மி.மீ. விட்டத்தில் 3 மி.மீ. அகலம், அதாவது வளையம். வளையத்தின் மையத்தில் புலம் = 12.57 × 10⁻⁷ × சுற்றுகள் × மின்னோட்டம் ÷ விட்டம். 2.2 ஆம்பியருக்கு இது 2.2 மில்லிடெஸ்லா. (இரண்டிலும் 2.2 வந்தது தற்செயல், குழம்ப வேண்டாம்.)

அதைவிடப் பெரிய தவறு, இந்தப் புலத்தைத் திருப்புவிசையில் போட்டது. சுருள் தன் புலத்தாலேயே தன்னைத் திருப்பிக்கொள்ளாது, தன் தலைமுடியைப் பிடித்துத் தானே தூக்கிக்கொள்வது மாதிரிதான் அது. திருப்புவது காந்தத்தின் புலம். 0.0095 உண்மையானால் சுருளின் விளிம்பில் 75 கிராம் எடையைத் தொங்கவிட்டாலும் தூக்க வேண்டும், உங்களுடையது ஒரு நூல் பட்டாலே நிற்குமே?

காந்தத்தை அளக்க ஃபோனின் காந்த உணரி போதும், ஆனால் பக்கத்தில் வைத்தால் அளவு எல்லை மீறிவிடும். காந்தத்தின் அச்சு உணரியை நோக்கி இருக்கும்படி 15 செ.மீ. தள்ளி வைத்து, காந்தம் இல்லாதபோது வரும் எண்ணை அதே அச்சில் கழியுங்கள்.

சுருள்அப்பா:
நூல் பட்டால் நிற்பது உண்மை, சிரித்துவிட்டேன்.

அளந்தேன். செல் முனைகளில் 1.10 வோல்ட். சுருளில் 0.33. இரண்டு பின் தொடுமிடமும் சேர்த்து 0.50! மீதி மீட்டர் வயரிலும் கிளிப்பிலும். ஃபோனில் 15 செ.மீ. தூரத்தில் 44 மைக்ரோடெஸ்லா. வேகத்தை ஒரு விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் எண்ணினோம், ஒரு சுற்றுக்கு 24 படம். அதாவது விநாடிக்கு 10 சுற்று.

பழையபட்டறை:
பாருங்கள், 0.33 ஐ 2.2 ஆல் வகுத்தால் 0.15 ஓம். உங்கள் கணக்குச் சுருள் 0.14. இதைவிட நன்றாகப் பொருந்தாது. செல்லின் உள்தடை 0.45 ÷ 2.2, சுமார் 0.2 ஓம். தொடுமிடங்கள் 0.23 ஓம், அதாவது சுருளைவிட அதிகம். 1.1 வாட் சூடு அங்கேயே போகிறது. பின் சுட்டிருக்குமே? மெல்லிய உப்புத்தாளால் பின்னையும் வாலையும் தேயுங்கள்.

அரைவட்டம்:
15 செ.மீ. தூரத்தில் 44 மைக்ரோடெஸ்லா, உங்கள் அளவு ஃபெரைட் வில்லைக்குச் சரியான எண். அதிலிருந்து வில்லைக் காந்தத்தின் சூத்திரப்படி அருகே கணக்கிட்டால் சுருளின் அடிப்பக்கம் 60 மில்லிடெஸ்லா, மையத்தில் 15, உச்சியில் 4 தான். அடிப்பக்கக் கம்பிதான் வேலை செய்கிறது, மேல்பக்கம் சும்மா சவாரி. ஓரத்தில் புலம் விரிந்து போவதையும் சேர்த்து, சுருள் முழுவதற்கும் சராசரி 20 மில்லிடெஸ்லா என்று வையுங்கள், இது தோராயம்தான் என்று மகளை எழுதச் சொல்லுங்கள்.

உச்சத் திருப்புவிசை = சுற்றுகள் × ஓட்டம் × பரப்பு × புலம் = 20 × 2.2 × 0.00049 × 0.02 = 0.00043 நியூட்டன் மீட்டர். சுருள் செங்குத்தாக நிற்கும்போது இது. அரைச்சுற்றுக்கு மட்டும் ஓட்டம் இருப்பதால் சராசரிக்கு 3.14 ஆல் வகுக்கவும்: 0.00014.

இப்போது மின்னல்குட்டிக்கு. விநாடிக்கு 10 சுற்று என்றால் 63 ரேடியன். உச்ச பேக் இ.எம்.எஃப். = 20 × 0.02 × 0.00049 × 63 = 0.012 வோல்ட். 1.55 க்கு முன்னால் இது ஒரு சதவீதம்கூட இல்லை, ஓட்டத்தைப் பாதியாக்க இதனால் முடியாது. பாதியானது எனாமலால். அரைச்சுற்று 2.2, அடுத்த அரைச்சுற்று பூஜ்யம், மீட்டர் சராசரியைக் காட்டுகிறது.

மின்னல்குட்டி:
ஓ. அப்போ இரண்டு வாலையும் முழுக்கச் சுரண்டினால் 2.2 காட்டுமா?

அரைவட்டம்:
காட்டும், ஆனால் மோட்டார் ஓடாது. அடுத்த அரைச்சுற்றில் திருப்புவிசை திசை மாறிவிடும், சுருள் ஊஞ்சல் ஆடி நின்றுவிடும்.

சுருள்அப்பா:
உப்புத்தாள் போட்டோம். நிறுத்தி வைத்து 2.7 ஆம்பியர், சுற்றுக்கு 19 படம். பழைய அளவுகளிலேயே திறனையும் போட்டுப் பார்த்தோம்: உள்ளே 1.55 × 1.1 = 1.7 வாட், வெளியே 0.00014 × 63 = 9 மில்லிவாட். அரை சதவீதம். மகள் அட்டவணையில் "பயனுறுதிறன்" என்ற வரியை எடுத்துவிடலாமா என்கிறாள்.

20 சுற்றை 40 ஆக்கினால்?

பழையபட்டறை:
எடுக்கவே கூடாது, அந்த வரிதான் அட்டவணையிலேயே சுவாரசியம்.

40 சுற்றில் சுருளின் தடை 0.15 கூடும், ஆனால் மொத்த மின்சுற்றின் தடை பழைய 0.7 இலிருந்து 0.85 தான் ஆகும். ஓட்டம் 2.2 இலிருந்து 1.8 க்கு இறங்கும், சுற்றுகள் இரட்டிப்பு. ஆக திருப்புவிசை 65 சதவீதம் போல ஏறும். எடையும் 3 கிராமிலிருந்து 6 ஆகும், வால் வளைந்தால் தள்ளாடும்.

சுருள்அப்பா:
தள்ளாடுகிறது. காந்தத்தில் போய் இடிக்கிறது. இன்னும் தடித்த கம்பி தேடிக்கொண்டிருக்கிறோம்.