யாருடா இது? போனில் படம் திருத்திப் பட்ட பாடுகள்

போன மாதம் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வைக்க வேண்டியிருந்தது. கேமராவைக் கண்டாலே நகர்ந்துவிடுகிற மனிதர். வீடு முழுக்கத் தேடியதில் கிடைத்தது ஒன்றுதான்: 1984-இல் அத்தை கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு அவர் முகம்.

ஆல்பத்தை ஹாலில் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் போனில் எடுத்தேன். முகத்தை மட்டும் வெட்டி, மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு செயலியில் போட்டேன். பத்தே நொடி. கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, காரியத்துக்கு முதல் நாளே வாசலில் கட்டிவிட்டோம். மதியம் ஊரிலிருந்து வந்த அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றார்.

அப்புறம்தான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தைக் காணோம். வெற்றிலைக் கறை ஏறிய பல் பளபளவென்று இருக்கிறது. நகம் அளவு முகத்தில் கண்ணுக்கென்று இருந்ததே சில புள்ளிகள்தான். அதிலிருந்து இமை மயிர் எங்கிருந்து வரும்? தனக்குக் காட்டிப் பழக்கிய ஏராளமான முகங்களை வைத்துப் பொருத்தமாக ஒன்றை அந்தச் செயலியே வரைந்திருக்கிறது. பெரியப்பா இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டது.

வெளிச்சம் போவதற்குள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். போட்டோவை ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளிலிருந்து பத்திரமாக உரித்து, திண்ணை நிழலில் வைத்தேன். போனைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடித்து, கொஞ்சம் உயரத்தில் இருந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தேன். கிட்டத்தில் போய் எடுத்தால் என் நிழலே படத்தில் விழுகிறது, கண்ணாடி மாதிரி வெளிச்சமும் அடிக்கிறது. பிறகு ஸ்நாப்சீட். 2012-இல் கூகுள் வாங்கியதிலிருந்து கூகுளிடமே இருக்கும் செயலி, இலவசம்.

அதில் ஹீலிங் கருவியை எடுத்துப் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன். நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தொட வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் புள்ளிகள் ஒட்டி ஒட்டி இருந்தன. அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது அழுக்கு. அது மச்சம், அதைத் தொடாதே" என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார்.

நிறத்தோடுதான் மல்லுக்கட்டு. அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். பழைய கல்யாணப் படங்கள் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி இருப்பது அதனால்தான். படத்தின் மொத்த நிறச் சாய்வை மாற்றும் ஒயிட் பேலன்ஸில் பச்சைப் பக்கம் கொஞ்சம் தள்ளினேன். சட்டை சரியானது, முகம் நோயாளி மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். பழுப்பாகிப் போயிருந்த தலைமுடிக்கு மட்டும் கர்வ்ஸில் (வெளிச்சம், இருட்டை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கருவி) கீழ் முனையைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்ததும் கறுப்பு திரும்பி வந்தது.

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டு 4x6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டினோம். சின்னதாக இருந்ததால் மங்கல் தெரியவில்லை. கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்று டாக்குமெண்டாக அனுப்பினேன். அத்தை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மாலையை மட்டும் சரிசெய்தார்.

இப்படி எடிட்டிங்கில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்களேன்.

காஞ்சிபுரத்திலிருந்து

உங்களுக்கு முகம், எனக்குப் புடவை அண்ணா. வீட்டிலிருந்தே வாட்ஸப்பில் புடவை விற்கிறேன். ஆரம்பத்தில் எல்லாப் படத்துக்கும் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, ஏற்றிவிடுவேன், பார்க்கவே ஜொலிக்கும். ஒரு அக்கா அரக்குப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்: "போட்டோவில் தக்காளி, பார்சலில் அரக்கு." இரண்டு பக்கமும் கூரியர் செலவு என் தலையில்.

பின்னால்தான் புரிந்தது. சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்புக்கு 0 முதல் 255 வரைதான் படி. குங்குமச் சிவப்பெல்லாம் ஏற்கெனவே மேல்படியில் நிற்கிறது. இன்னும் ஏற்றினால் எல்லாம் 255-இல் போய் முட்டி, நெசவு தெரியாமல் பெயிண்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். இப்போது ஜன்னலோரம் புடவையை விரித்து, ஓரத்தில் ஒரு வெள்ளைச் சார்ட் வைத்து எடுக்கிறேன். ஒயிட் பேலன்ஸில் சொட்டான் என்று ஒரு கருவி, வைத்த இடத்தை வெள்ளையாக எடுத்துக்கொண்டு மற்ற நிறங்களைச் சரிசெய்யும். அதை அந்தச் சார்ட்டில் வைத்தால் நிறம் பெரும்பாலும் நேராகிவிடுகிறது. அப்புறம் சார்ட்டை வெட்டிவிடுவேன். சாச்சுரேஷன் பக்கமே போவதில்லை.

மயில்கழுத்து நிறப் புடவைக்கு மட்டும் எந்தச் செயலியும் உதவவில்லை. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். திருப்பினால் வேறாகத் தெரிகிற துணியை ஒரு படத்தில் எப்படிக் காட்டுவது? கையால் மடித்துக் காட்டி வீடியோ அனுப்பிவிடுகிறேன். கூடவே, "ராத்திரி போனில் மஞ்சள் திரை போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள் அக்கா" என்று ஒரு வரி.

தஞ்சாவூரிலிருந்து

பெரிய கோயில் விமானத்தை அடியில் நின்று போனை அண்ணாந்து எடுத்தால் கோயில் பின்பக்கம் மல்லாந்து விழுகிற மாதிரி வரும். ஸ்நாப்சீட்டின் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் நிமிர்த்தலாம் என்று போன வருடம் உட்கார்ந்தேன். நிமிர்ந்தது, ஆனால் மேலே கலசம் வெட்டுப்பட்டுவிட்டது. நிமிர்த்தும்போது ஓரங்கள் போகும். எடுக்கும்போதே நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொரு கூத்து, விமானத்தின் சரிவையே நேராக்கப் பார்த்தேன்! அது பிறவியிலேயே கூம்பு. நேராக இருப்பது கீழே இரண்டு தளச் சுவர் மட்டும்தான். அந்தச் சுவரின் ஓரத்தைப் பார்த்து நிமிர்த்தி, சரிவை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். ராஜராஜனுக்கு இல்லாத கணக்கு எனக்கு எதற்கு.

பெயர் வேண்டாம்

தங்கச்சிக்கு வரன் பார்க்க என் போனில்தான் படம் எடுத்தோம். முன்பக்கக் கேமராவில் பியூட்டி என்று ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவள் மாநிறம், படத்தில் வெள்ளை. பெண் பார்க்க வந்த அம்மா அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சுவிட்சை அன்றைக்கே அணைத்தேன். இப்போது செட்டிங்ஸில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

மதுரையிலிருந்து

நான் காலையில் காய்கறிச் சந்தையில் படம் எடுக்கிற ஆள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி வருவார்கள். காஞ்சிபுரத்துச் சகோதரி சொன்ன அதே சொட்டானைத்தான் நானும் பயன்படுத்தினேன், வியாபாரி ஒருவரின் வேட்டியில் வைத்து. படம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டது. ஏனென்று ஒரு வாரம் மண்டை காய்ந்தேன். வேட்டிக்கு நீலம் போட்டுத் துவைத்திருக்கிறார்கள்! நாம் வெள்ளை என்கிறோம், செயலி அதை நீலம் என்கிறது. நீலத்தை எடுக்க மஞ்சளை ஊற்றுகிறது. இப்போது எவர்சில்வர் தராசுத் தட்டையோ சாக்கு மேல் கிடக்கும் செய்தித்தாளையோ தேடுகிறேன். செய்தித்தாளும் கொஞ்சம் பழுப்புதான், ஆனால் வேட்டிக்குத் தேவலை.

சொட்டான் படம் முழுக்கத்தான் மாற்றும். தார்ப்பாய்க்கு வெளியே வெயிலில் நிற்பவர் அப்போது ஆரஞ்சாகிவிடுவார். முகங்களுக்கு மட்டும் ஸ்நாப்சீட்டின் செலக்டிவில் புள்ளி வைத்துச் சாச்சுரேஷனைக் குறைக்கிறேன். முழுதாகச் சரியாகாது. பரவாயில்லை, அங்கே நீலம் இருந்தது உண்மைதானே.

சோடியம் விளக்கில் எடுத்த படத்தோடு மட்டும் சண்டை போடாதீர்கள். அந்த வெளிச்சத்தில் மஞ்சளைத் தவிர வேறு நிறம் அதிகம் கிடையாது, இல்லாததை எந்தச் சொட்டானும் கொண்டுவராது. கறுப்பு வெள்ளைதான் கதி.

லைட்ரூம் என்ற எடிட்டிங் செயலியின் கேமராவில் ரா, அதாவது போன் திருத்தாத மூலப் படம், எடுத்தும் பார்த்தேன். இருட்டில் போனின் சொந்தக் கேமரா பல படங்களை அடுக்கிச் சேர்த்துத் தருகிறது. ரா ஒற்றைப் படம் என்பதால் ரவையைத் தூவின மாதிரி இருந்தது. பகல் வெளிச்சத்தில், வானம் வெளுத்துப்போகாமல் கொஞ்சம் இருட்டாக எடுத்துக்கொண்டால் அதே ரா தங்கம்.

கும்பகோணத்திலிருந்து

எல்லாரும் இல்லாததை வரைகிற செயற்கை நுண்ணறிவைத் திட்டுகிறீர்கள், எனக்கு நல்லதுதான் செய்தது. கோபுரம் எடுத்தால் குறுக்கே மின்கம்பி, கேபிள் கம்பி, போன வருடத்துத் திருவிழாச் சீரியல் பல்பு. வேண்டாததை அழிக்கும் கூகுள் போட்டோஸின் மேஜிக் இரேசர் 2021-இல் கூகுளின் பிக்சல் 6 போனில் வந்தபோது ஏக்கமாகப் பார்த்தேன். 2024-இல் மற்ற போன்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். கம்பி போகிறது, வானம் சுத்தம். முகத்தில்தான் கை வைக்கக் கூடாது, கம்பியில் வைத்தால் என்ன?

தொடங்கியவர்

ஒத்துக்கொள்கிறேன் சார். நீங்கள் சொன்னதும் இன்று எங்கள் ஊர்க் கோபுரத்தில் முயற்சி செய்தேன். கம்பி அத்தனையும் போய்விட்டது. அத்தையிடம் காட்டினேன். "கம்பி இல்லாமல் நல்லாத்தான் இருக்கு. ஆனா காக்கா எதுமேல உட்கார்ந்திருக்கு?" என்று கேட்கிறார்.