சிஐ-யில் ஜிசிசி 11-லிருந்து 13-க்குப் போகலாமா? கூடவே உபுண்டு 24.04-ம்?

தென்பெண்ணை:
கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கான வெப்பநிலைப் பதிவு நிரல் பற்றியது இது. நம் சிஐ (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) இன்னும் உபுண்டு 22.04 ரன்னரில் (அந்த வேலை நடக்கும் கிட்ஹப் கணினி), ஜிசிசி 11 கம்பைலரில் ஓடுகிறது. இதை 24.04, ஜிசிசி 13 என ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மாற்றிவிடலாம் என்கிறேன். கிட்ஹப் 20.04 ரன்னரை 2025 ஏப்ரல் 15-ல் எடுத்துவிட்டது. 22.04-க்கும் அந்த நாள் வரும். அப்போது அவசரத்தில் அள்ளித் தெளிப்பதைவிட இப்போதே செய்வது மேல். சிஐ வேலைகளை எழுதிவைக்கும் ஒர்க்ஃப்ளோ ஃபைலில் மாறப்போவது இரண்டே வரி.

மாங்கனி_லைன்:
இரண்டு வரிதான், ஆனா ஆலையில நிரல் எழுந்தே நிக்காது. பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் நம்ம நிரல் ஓடற கணினிகள் எல்லாம் 22.04. இணையம் கிடையாது, பென் டிரைவ்லதான் அப்டேட். அதுல இருக்கறது ஜிலிப்சி (நிரல்கள் ஓடத் தேவையான அடிப்படை சி லைப்ரரி) 2.35. 24.04-ல இருக்கறது 2.39. அங்க பில்டு பண்ணினா, சாதாரண எண் வாசிக்கிற ஃபங்ஷன் கூட ஜிலிப்சி 2.38-ல வந்த புது சிம்பலை, அதாவது லைப்ரரியில இருக்கற ஃபங்ஷன் பேரைக் கேட்கும். ஆலை கணினி "ஜிலிப்சி 2.38 இல்லை"ன்னு ஒரு வரி சொல்லிட்டு நின்னுடும்.

இதுல மோசம் என்னன்னா, சிஐ பச்சையாவே இருக்கும். பில்டும் டெஸ்டும் ஒரே 24.04-ல நடக்குதே!

பாலக்கோடு_சி:
மாங்கனி அண்ணா, அதுக்குக் கன்டெய்னர் (ரன்னருக்குள்ள வேற ஓஎஸ் சூழலைத் தனியா ஓட்டற பெட்டி) இருக்குல்ல? ரன்னர் 24.04-ஆ இருக்கட்டும், ஜாப் மட்டும் உபுண்டு 22.04 கன்டெய்னருக்குள்ள ஓடட்டும். ஜிலிப்சி 2.35-லயே நிக்கும். ஜிசிசி 13-ஐ உபுண்டு டூல்செயின் பிபிஏ-ல (கூடுதல் பேக்கேஜ் களஞ்சியம்) இருந்து இறக்கி, லிப்எஸ்டிடிசி++-ஐ (சி++ லைப்ரரி) ஸ்டாடிக்கா, அதாவது நிரலுக்குள்ளயே சேர்த்து லிங்க் பண்ணிட்டா முடிஞ்சது. 13-ல நிக்காம நேரா 14-க்கே போயிடலாம்ங்கறேன். மாட்பஸ் (ஆலைக் கருவிகள் பேசிக்கற முறை) டிரைவர் சி-யில இருக்கு. டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷனைக் கூப்பிட்டா 14 எச்சரிக்கையோட விடாது, எரரா நிறுத்தும். நமக்கு நல்லதுதானே?

மாங்கனி_லைன்:
தம்பி, கன்டெய்னர் சரி. ஆனா அந்தப் பிபிஏ-ல ஜிசிசி 13 இறக்கும்போது கூடவே லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியும் புதுசா ஏறிடும். ஸ்டாடிக் கொடியை யாராவது ஒரு டார்கெட்ல விட்டுட்டா, டெஸ்ட் அந்தக் கன்டெய்னர்ல பாஸ் ஆகும், ஆலையில விழும். அங்க இருக்கறது ஜிசிசி 12 காலத்து லைப்ரரி. அதனால டெஸ்டைத் தனி ஜாபா, எதுவும் இறக்காத சுத்தமான 22.04 கன்டெய்னர்ல ஓட்டணும். பைனரியை (கம்பைல் ஆன நிரலை) ஆர்ட்டிஃபாக்டா, அதாவது ஜாப் சேமிச்சு வைக்கிற ஃபைலா மட்டும் கைமாத்துங்க.

வெறும் உபுண்டு இமேஜ்ல (கன்டெய்னரோட அச்சு) கிட் (கோடு மாற்றங்களைப் பதிவு பண்ற டூல்) கூட கிடையாது, அதையும் சொல்லிடறேன். சோர்ஸை எடுக்கற செக்-அவுட் ஸ்டெப்புக்கு முன்னாடியே கிட் இறக்கலைன்னா, அது சோர்ஸை ஆர்க்கைவா இழுத்துப் போட்டுட்டு வெற்றின்னு சொல்லிடும். டாட்-கிட் ஃபோல்டர் இருக்காது, கிட் டேக்ல இருந்து நாம எடுக்கற வெர்ஷன் எண் வராது.

அரூர்_அக்கா:
இரண்டு பேரும் லிங்கரை (கம்பைலுக்கு அப்புறம் லைப்ரரிகளைச் சேர்க்கற டூல்) பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. முதல்ல கம்பைலே ஆகாது. ஜிசிசி 13-ல சில ஸ்டாண்டர்டு ஹெட்டர்கள், யுஇன்ட்32 மாதிரி எண் வகைகளைத் தர்ற சிஎஸ்டிடிஇன்ட் ஹெட்டரைத் தானா உள்ளே இழுக்கறதை நிறுத்திட்டாங்க. நம்ம சென்சார் ஃபைல்கள்ல யுஇன்ட்32 வகை பல இடத்துல இருக்கு, இன்க்ளூட் எங்கயுமே இல்ல. "இப்படி ஒரு வகை இல்லை"ன்னு வரிசையா வரும். ஒவ்வொரு ஃபைல்லயும் இன்க்ளூட் சேர்த்தா தீரும், 11-லயும் அது கெடாது. அதனால அதை முதல் புல் ரிக்வெஸ்டா, கம்பைலரைத் தொடாம அனுப்பலாம்.

தென்பெண்ணை, ஓஎஸ்ஸையும் கம்பைலரையும் சேர்த்து மாத்தினா உடைஞ்சது எதனாலன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மேட்ரிக்ஸ்ல (ஒரே ஜாபைப் பல வெர்ஷன்ல ஓட்டற பட்டியல்) ஜிசிசி 13-க்கு ஒரு வரிசை கூட்டுங்க. ஃபெயில்-ஃபாஸ்ட்டை ஃபால்ஸ் ஆக்குங்க. இல்லைன்னா புது வரிசை விழுந்ததும் ஓடிட்டிருக்கிற பழைய வரிசையையும் அது ரத்து பண்ணிடும்.

தென்பெண்ணை:
பிரித்துச் செய்வதில் மறுப்பில்லை. ஆனால் வரிசை கூட்டிக்கொண்டே போனால் கேஷ் (முந்தைய ரன்னிலிருந்து சேமித்துவைத்தவை) குழம்பும்.

அரூர்_அக்கா:
கேஷ் கீயில (சேமிச்சதைத் தேடி எடுக்கற பேர்) கம்பைலர் வெர்ஷன் இல்லைன்னாதான் குழம்பும். சிமேக் (பில்டை அமைக்கற டூல்) பில்டு ஃபோல்டரை முழுசா கேஷ் பண்றதை நிறுத்துங்க. அது முதல் தடவை பார்த்த கம்பைலரையே நினைவுல வச்சிருக்கும், நீங்க கம்பைலரைச் சொல்ற சிசி, சிஎக்ஸ்எக்ஸ் மாறிகளை மாத்தினாலும் கேட்காது. சிகேஷ் (கம்பைல் ஆனதைச் சேமிச்சு வைக்கிற டூல்) மட்டும் போதும். அதுல கம்பைலர் சோதனையை 'கன்டென்ட்'னு வைங்க, அது தானா எடுத்துக்கறது ஃபைல் நேரமும் அளவும்தான். கவரேஜ் ஜாப்ல (டெஸ்ட் எந்தெந்த வரியைத் தொட்டுச்சுன்னு பார்க்கறது) அதுக்கான ஜிகாவ் டூலும் 13-ஆ இருக்கணும், 11-ஓட ஜிகாவ் 13 எழுதின ஃபைலைப் படிக்காது.

பாலக்கோடு_சி:
அக்கா சொல்ற மேட்ரிக்ஸ்லயே 14-க்கும் ஒரு வரிசை போடலாமே? விழுந்தா விழட்டும்னு கன்டினியூ-ஆன்-எரர் வச்சு. ராத்திரி மட்டும் ஓடட்டும். ஷெட்யூல் யுடிசி-ல, நமக்கு ராத்திரி 2 மணின்னா 20:30-னு எழுதணும்.

மாங்கனி_லைன்:
போடு, தடுக்கல. ஆனா எச்சரிக்கையை எல்லாம் எரரா மாத்தற டபிள்யூ-எரர் கொடி அந்த வரிசையில வேணாம். ஒவ்வொரு பெரிய வெர்ஷனும் புது எச்சரிக்கை கொண்டு வருது. 13-ல வந்த டேங்ளிங் ரெஃபரன்ஸ் (அழிஞ்சுபோன டேட்டாவைக் காட்டற ரெஃபரன்ஸ்) எச்சரிக்கை ஒழுங்கான கோடையும் திட்டும். வெளியிடற வரிசை ஒண்ணுல மட்டும் டபிள்யூ-எரர் இருந்தாப் போதும்.

பாலக்கோடு_சி:
இதுல ஒத்துக்க மாட்டேன் அண்ணா. எச்சரிக்கையை எரரா நிறுத்தலைன்னா லாக்ல யார் போய்ப் படிக்கறாங்க? தப்பாத் திட்டற அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் பேர் சொல்லி அணைங்க, கொடியை மொத்தமா எடுக்காதீங்க.

தென்பெண்ணை:
சரி, என் முன்மொழிவை மாற்றி எழுதுகிறேன். முதலில் இன்க்ளூட் திருத்தம். அடுத்து 22.04 கன்டெய்னரில் ஜிசிசி 13. இமேஜை நாமே ஒருமுறை கட்டி, அதன் டைஜெஸ்ட்டால் (உள்ளடக்கத்தின் கைரேகை எண்) மாறாதபடி பின் செய்வோம், ஒவ்வொரு ரன்னிலும் பிபிஏ-வை நம்பி நிற்க வேண்டாம். ரன்னர் 24.04-க்குப் போவது கடைசியில். 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் எண்ணையே எழுதுவோம். டபிள்யூ-எரர் பற்றி நீங்கள் இருவரும் தனியாக முட்டிக்கொள்ளுங்கள்.

மாங்கனி_லைன்:
இன்னும் ரெண்டு சேர்த்துக்கங்க. பில்டு முடிஞ்சதும் ஆப்ஜ்டம்ப்ல (பைனரிக்குள்ள பார்க்கற டூல்) டைனமிக் சிம்பல்களை, அதாவது வெளி லைப்ரரியில இருந்து அது கேட்கற பேர்களை எடுத்து, ஜிலிப்சி 2.35-க்கு மேல ஒண்ணு இருந்தாலும் ஜாப் விழணும். அப்புறம், மே முதல் ஜூலை வரைக்கும் கூழ் லைன் ஓடற சீசன். அதுல வெளியிடற வரிசையோட கம்பைலரை யாரும் தொடக் கூடாது, ராத்திரி வரிசையில என்ன வேணா பண்ணிக்கங்க.